தரையில் கிடந்தவன்

கதவு திறப்பதற்குள் வாலு இரண்டு தடவை மணியை அடித்துவிட்டாள். பழைய போர்வையில் சுற்றிய மரப்பலகையை மார்போடு அணைத்தபடி மாடியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. அண்ணி கதவைத் திறந்து, "வீட்டுக்குள்ளதான் இருக்கோம், எங்கயும் ஓடிப் போயிடல" என்றாள்.

வாலு என்பது அண்ணன் சின்ன வயதில் வைத்த பேர். நாற்பதைத் தாண்டியும் அது அவளை விடவில்லை.

அண்ணன் ஓவியன். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி வந்த வருடங்களில் அவன் கடைசியாகப் போட்ட பெரிய படம், கண் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடம். அதன் பிறகு பார்வை முழுக்கப் போனது. தூரிகையைத் தொடவில்லை, எந்தக் கண்காட்சிக்கும் போகவில்லை. இப்போது அந்தப் படத்தை ஒரு கலைக்கூடம் மாட்டப்போகிறது. பார்வையில்லாதவர்கள் தொட்டுப் பார்க்க, பக்கத்திலேயே அதை மரத்தில் மேடாகச் செதுக்கிய புடைப்புப் பலகை ஒன்றும் வேண்டும் என்றார்கள். வாலு பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளியில் தொட்டுப் படிக்கும் வரைபடங்கள் செய்கிறவள். வேலை அவளிடமே வந்தது. ஒரே நிபந்தனை, ஓவியன் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

அண்ணன் போனில் அதற்கும் ஒரு நிபந்தனை போட்டான். "ஒரு தடவை தொடறேன். சரியில்லேன்னா இனிமே படம்ங்கிற பேச்சையே நீ என்கிட்ட எடுக்கக் கூடாது."

அவசரத்தில் சரி என்று தலையாட்டினாள். தலையாட்டுவது அவனுக்குத் தெரியாதே என்று வாயாலும் சொல்லி வைத்தாள். அன்றிலிருந்து தூக்கம் போனது.

பலகையை மேஜையில் வைத்தாள். அண்ணன் வந்து உட்கார்ந்தான்.

"கையைத் துடைச்சுக்குங்க. எண்ணெய்க் கையோட தொட்டா படம் வழுக்கிட்டு ஓடிடும்" என்றாள் அண்ணி.

"வாலு எங்க நிக்கறா?"

"நிக்கறாளா? குறுக்கும் நெடுக்குமா நடக்கறா. ஏய், உட்காரு, தரை தேஞ்சிடப் போகுது."

வாலுவின் போன் அடித்தது. பலகையை எடுத்துப்போக வந்த வண்டி ஓட்டுநர் கீழேயிருந்து பேசினார். "மேடம், இங்க நிறுத்தக் கூடாதாம். ஆளாளுக்குத் திட்டறாங்க."

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்று வெட்டினாள்.

அண்ணனின் விரல்கள் மேல் மூலையில் தொடங்கின. "ஜன்னல்." இறங்கின. "பெஞ்ச்." கொஞ்சம் நகர்ந்தன. "ஆளு. கையை மடியில வச்சிருக்கான். சரி." வாலுவுக்கு உயிர் வந்தது. விரல்கள் அந்த ஆளின் முழங்காலைத் தாண்டி, பாதம் வழியாகத் தரைக்கு வந்தன. அங்கே நின்றன. பின்னால் போய், திரும்பவும் வந்தன.

"யாரு இது?"

"எதுண்ணா?"

"தரையில கிடக்கறவன்."

வாலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, அது நிழல்ணா!"

"நிழலா? பொணம் மாதிரி கிடக்கு. கால் இவன் காலோட ஒட்டியிருக்கு, தலை டாக்டர் ரூம் கதவுகிட்ட. இவன் பக்கத்துல உட்கார்ந்து காவல் காக்கறான்."

அண்ணியும் சிரித்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பள்ளியில் வாலு செய்வதெல்லாம் ஆறு, சாலை, எல்லைக்கோடு. தாளில் வரைந்திருப்பது எதுவோ அது பலகையில் மேலே எழ வேண்டும். கை பழகிய பாட்டில் நிழலையும் எழுப்பிவிட்டிருந்தாள். வரைபடத்தில் யார் நிழல் போடுகிறார்கள்? சோதித்துப் பார்க்காமலும் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு தானே தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டவள்தான். மூடிய கண்ணுக்குள்ளேயும் அந்தப் படம் தெரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

"எடுத்துட்டுப் போ" என்றான் அண்ணன்.

"அண்ணா, அதை மட்டும் வழிச்சு எடுத்துடறேன். தரை சமமாயிடும். அஞ்சு நிமிஷ வேலை."

"எடுத்துட்டா? அப்புறம் என்ன மிச்சம்? ஒரு ஆளு, ஒரு பெஞ்ச். பஸ்ஸுக்கா காத்திருக்கான் அவன்? அந்த நிழலுக்காகத்தானேடி படமே!" மேஜையில் அவன் தட்டிய தட்டில் டீ கிளாஸ் குதித்தது. அண்ணி அதைப் பிடித்தாள். பிடித்தபடி வாலுவைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் இந்த வீட்டில் அவன் ஒரு படத்தைப் பற்றி இவ்வளவு பேசியதில்லை.

வாலுவுக்கும் கோபம் வந்தது. "அப்போ எப்படிச் செய்யணும்னு சொல்லு."

"நான் கண்ணால செஞ்சதைக் கையால கேட்டா நான் எங்க போறது?"

"நீ போட்ட படம். உன்னைக் கேட்காம கீழ நிக்கற டிரைவரையா கேட்பேன்?"

அண்ணனின் விரல் அந்த மேட்டை முன்னும் பின்னும் தேய்த்தது. கீழே ஹார்ன் அடித்தது. வாலு ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடுவே நின்றாள், எங்கே போவதென்று தெரியாமல்.

"தடியா இருக்கு" என்றான் கடைசியில். "நிழல் இப்படித் தடியா இருக்காது. அன்னிக்கு ஹால் தரை முழுக்க வெயில். என் நிழல் விழுந்த இடம் மட்டும் தரையே இல்லாத மாதிரி இருந்துச்சு. பேரைக் கூப்பிடறாங்க, எழுந்திருக்க பயமா இருக்கு. காலை வச்சா உள்ள போயிடுவேன்னு."

பெஞ்சில் இருப்பது யார் என்று வாலு இதுவரை கேட்டதில்லை.

"உளி வச்சிருக்கியா?" என்றான்.

"இருக்கு. நானே தோண்டறேன். எங்கன்னு மட்டும் சொல்லு."

"எங்கன்னு என் கைக்குத்தான் தெரியும். இங்க குடு."

"கை போயிடும்ங்க" என்றாள் அண்ணி.

"கண்ணு போனப்ப தடுத்தியா?"

"தடுத்திருப்பேன். நான் சொல்லி நீங்க எதைக் கேட்டிருக்கீங்க?"

வாலு பையிலிருந்து வளைந்த உளியை எடுத்து, பிடியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். இடது கை விரல் ஓரத்தைக் காட்ட, வலது கை அதன் பின்னால் ஊர்ந்தது. முதல் சீவலில் மரம் முரண்டு பிடித்தது. அடுத்ததில் சுருளாக வந்தது. மேடு தரைமட்டத்துக்கு வந்தது. அவன் நிறுத்தவில்லை. கீழே இறங்கினான். ஒவ்வொரு சீவலுக்கும் வாலுவின் கை தானாக நீண்டு, பாதி வழியில் நின்றது.

"கதவுகிட்ட போகப் போக ஆழம் ஜாஸ்தி" என்று முணுமுணுத்தான்.

உளியை வைத்துவிட்டு, பெஞ்சிலிருந்து திரும்பவும் விரலை ஓட்டினான். முழங்கால், பாதம், அதற்கப்புறம் விரல் சட்டென்று உள்ளே விழுந்தது. சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் அதை மடியிலேயே வைத்திருந்தான். பிறகு மறுபடி உளியைத் தேடினான்.

போன் அடித்தது. வாலு எடுப்பதற்குள் அண்ணன் கையை நீட்டினான். "இப்படிக் குடு." காதில் வைத்தான். "தம்பி, வண்டியை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. இல்ல, ரெண்டு சுத்தாவே சுத்துங்க. படம் இன்னும் முடியல."

"அப்போ சரின்னு சொல்லிட்டியாண்ணா?"

"வாயை மூடிட்டு அந்த ஓரத்தைப் பிடி. பலகை ஆடுது."