தேக்கத்தில் ஏறியவர்

வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். நாற்பதைத் தாண்டியும் அந்தப் பெயர் அவளை விட்டபாடில்லை. கடைசியாகப் பிறந்தவர்களின் தலையெழுத்து அது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. வருபவர்களின் மூக்கின்மேல் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். அதனாலோ என்னவோ, வீட்டிலும் சட்டென்று ஒன்றைச் சொல்லிவிட மாட்டாள். யோசிப்பாள்.

அண்ணி நேர் எதிர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சத்தம் போடாமல் அவருக்குப் பேசத் தெரியாது. ஐம்பதாவது பிறந்தநாளன்று கேக்கை வெட்டிய கையோடு அறிவித்தார்.

"இத்தனை வருஷமா அடுத்தவங்க ஓட்டுற வண்டியில, பிரேக்குல கால வச்சுக்கிட்டே உட்கார்ந்து ஓய்ஞ்சுட்டேன். ஒரு தடவையாவது பிரேக்கே இல்லாத ஒண்ணுல போகணும். ஆத்துல ரப்பர் படகு விடுறாங்களாம். பாறைக்கு நடுவுல தூக்கித் தூக்கிப் போடுமாம்."

அண்ணன் கேக்கை மென்றபடியே தலையை ஆட்டினார். வேண்டாம் என்கிற ஆட்டல். அதனால் அந்தப் பயணம் குட்டியின் தலையில் வந்து விழுந்தது.

படகு விடுபவர்கள் கறாரானவர்கள். காசு கட்டியவுடன் வெள்ளத்தில் இறக்கிவிட மாட்டார்கள். அதற்கு முந்தைய வாரம் ஒரு நாள் வந்து பயிற்சி எடுத்தாக வேண்டும். ஆறு அகன்று, ஓடுவதே தெரியாமல் நிற்கிற ஒரு தேக்கத்தில்தான் பயிற்சி. இருவரும் அண்ணியின் பயிற்சிக் காரிலேயே போய்ச் சேர்ந்தார்கள். வெயில் இல்லாத நாள். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன.

வழிகாட்டி ஒரு பெண். ஒல்லியான உடம்பு, மூக்கு மட்டும் நீளம். எல்லாரும் அவளை மீன்கொத்தி என்றே கூப்பிட்டார்கள், அவளும் அதற்கே திரும்பினாள். கரையோரக் கொட்டகையில் லைஃப் ஜாக்கெட்டுகள் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கின. கழுத்தில்லாத ஆட்கள் சுவரைப் பார்த்து நிற்கிற மாதிரி இருந்தது குட்டிக்கு. மீன்கொத்தி ஒவ்வொருவருக்கும் தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, ஜாக்கெட் ஒன்றை மாட்டி, பட்டையை இழுத்து இறுக்கி, தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தாள்.

"மூச்சு முட்டுதுங்க," என்றார் அண்ணி.

"பேச முடியுதுல்ல? அப்போ இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்," என்று மறுபடி இழுத்தாள் மீன்கொத்தி.

அண்ணியின் வாயை அப்படி ஒருவர் அடைத்துக் குட்டி பார்த்ததில்லை. சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

அவர்களோடு இன்னும் மூன்று பேர் வந்திருந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் ஒருவர், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. கண்ணாடி போட்டிருந்தவள் குட்டி மட்டும்தான். தண்ணீரில் போனால் போனதுதான் என்று மீன்கொத்தி எச்சரித்ததால் அதைக் கழற்றிக் கொட்டகையிலேயே வைத்துவிட்டாள். ஊருக்கெல்லாம் பார்வை பார்க்கிறவளுக்கு, கண்ணாடி இல்லாவிட்டால் கைக்கெட்டிய முகம்கூட மாவு பிசைந்தாற்போலத்தான் தெரியும்.

படகில் ஏறினார்கள். முன்னால் ரொட்டிக் கடைக்காரரும் மாப்பிள்ளையும், நடுவில் பெண்ணும் அண்ணியும், அதற்குப் பின்னால் இடது ஓரத்தில் குட்டி, கடைசியில் மீன்கொத்தி. "முன்னால" என்றால் எல்லாரும் துடுப்பை முன்னோக்கிப் போட வேண்டும். "நிறுத்து" என்றால் துடுப்பு தண்ணீரைத் தொடக்கூடாது. "உள்ளே" என்றால் அப்படியே சரிந்து படகுக்குள் குந்திவிட வேண்டும். அண்ணிக்கு உத்தரவு போட்டுத்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை. ஒவ்வொரு தடவையும் மீன்கொத்திக்கு முன்னால் அவரே கத்திவிட்டார்.

"அடுத்தது எண்ணிக்கை," என்றாள் மீன்கொத்தி. "படகு கவிழ்ந்தா முதல் வேலை இதுதான். முன்னாலேர்ந்து ஆளுக்கொண்ணு சத்தமா சொல்லுங்க. கடைசி நான்."

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. குட்டி ஐந்து என்றாள். ஆறு என்றாள் மீன்கொத்தி.

"ஏழு," என்றது ஒரு குரல்.

சின்னக் குரல். கத்தவில்லை. தன் முறை வந்ததும் சொல்கிற மாதிரி சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் குறும்பு என்று பெண் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். குட்டி சிரிக்கவில்லை. அந்தக் குரல் படகுக்குள்ளிருந்து வரவில்லை. அவளுடைய இடது தோளுக்குக் கீழே, தண்ணீர் மட்டத்திலிருந்து வந்தது.

"எண்ணிக்கையில விளையாடாதீங்க," என்றாள் மீன்கொத்தி. "இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் ஏழு வரை போனது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. மீன்கொத்தி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, "சரி, போதும். அடுத்த பயிற்சிக்குப் போவோம்," என்றாள். எண்ணிக்கைப் பேச்சை அதன்பின் அவள் எடுக்கவே இல்லை.

அடுத்தது, விழுந்தவரை ஏற்றும் பயிற்சி. புது ஜோடியும் அண்ணியும் தண்ணீரில் குதிக்க வேண்டும். படகில் இருப்பவர்கள் தூக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்தால் தோள் கழன்றுவிடும். ஜாக்கெட்டின் தோள்பட்டைகள் இரண்டையும் பிடித்து, முழங்காலைப் படகின் ஓரத்தில் முட்டுக்கொடுத்து, அப்படியே பின்னால் மல்லாந்து விழ வேண்டும். விழுந்தவர் தானாக உள்ளே வந்து மேலே விழுவார். மீன்கொத்தி சொல்லச் சொல்ல சுலபமாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை நல்ல கனம். அவனைத் தூக்க ரொட்டிக் கடைக்காரர் ஒருவரால் ஆகவில்லை. மீன்கொத்தியும் அந்தப் பக்கம் போய்விட்டாள். குட்டி தன் பக்கம் குனிந்தாள். ஓரத்தை ஒட்டி ஒரு ஹெல்மெட் மிதந்து வந்தது, அதன் கீழே மங்கலாக ஒரு முகம். இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்தாள். துணி வழவழவென்று, ஊறிப்போய் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்தாள்.

கனம் அவள் மேல் வந்து விழுந்தது. ஐஸ் கட்டியை மடியில் கொட்டினாற்போலக் குளிர். இருமல் சத்தம் கேட்டது.

"எழுந்திருங்க அண்ணி, நசுக்குறீங்க."

"ரொம்ப நேரமாச்சு," என்றது மேலே கிடந்தவரின் குரல்.

அப்போதுதான் தண்ணீரிலிருந்து அண்ணியின் சத்தம் கேட்டது. "ஏய் குட்டி! என்னை இங்க ஊறப் போட்டுட்டு யாரைடி இழுத்துக்கிட்டிருக்க?"

குட்டி கண்ணைத் திறந்தாள். சாம்பல் வானம் தெரிந்தது. மேலே யாரும் இல்லை. ஆனால் கனம் உடனே போகவில்லை. ஒருவர் கையூன்றி எழுந்திருக்கிற மாதிரி, முதலில் வயிற்றிலிருந்தும் பிறகு தொடையிலிருந்தும், கொஞ்சம் கொஞ்சமாக விலகியது.

அண்ணியையும் புதுப்பெண்ணையும் மீன்கொத்திதான் வந்து தூக்கினாள். குட்டிக்குக் கை ஓடவில்லை. கண்ணாடி இல்லாததால் வந்த கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் கனத்துக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம்? தொடையில் ஜாக்கெட் கொக்கி அழுத்திய தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"அவங்க ஒருத்தரை இழுத்தாங்க," என்றாள் புதுப்பெண். அவளுக்குப் பல் தந்தியடித்தது. "நான் தண்ணியிலேர்ந்து பார்த்தேன். முதுகு மட்டும் தெரிஞ்சுது. நான் ஆன்ட்டின்னு நினைச்சேன்."

"என் முதுகு அவ்வளவு சின்னதா?" என்றார் அண்ணி. யாரும் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார்.

மீன்கொத்தி பயிற்சியை அத்துடன் முடித்துப் படகைக் கரைக்குத் திருப்பினாள். கொட்டகையில் மற்றவர்கள் உடை மாற்றப் போனபிறகு, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டிருந்த குட்டியின் அருகில் வந்து நின்றாள்.

"உங்ககிட்ட மறைக்க ஒண்ணும் இல்லக்கா. அந்தக் குரலை நான் முன்னாடியும் கேட்டிருக்கேன். யாராவது செத்தாங்களான்னு ஊர்ல ஒருத்தர் விடாம விசாரிச்சுட்டேன். இந்தத் தேக்கத்துல ஒருத்தர்கூட சாகலைங்கிறாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கேக்கும். அவ்வளவுதான். ஆனா ஏறினது இல்ல." ஈரக் கையை ஜாக்கெட்டில் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்குத்தான் ஏறியிருக்கு."

திரும்பும் வழியில் அண்ணி நெடுநேரம் பேசவில்லை. அதுவே குட்டியை இன்னும் பயமுறுத்தியது. ரேடியோ போட இருவருக்குமே மனம் வரவில்லை. மரங்கள் முடிந்து வீடுகள் தொடங்குகிற இடத்தில் காருக்குள் கீங்... கீங்... என்று ஒரு சத்தம் எழுந்தது.

"சீட் பெல்ட்," என்றார் அண்ணி. "நீ போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன் அண்ணி."

"அப்போ பின் சீட்டு. பையைத் தூக்கிப் பின்னாடி போட்டியா?"

"பை டிக்கியில இருக்கு."

அண்ணி வண்டியை ஓரங்கட்டினார். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பின் சீட்டு காலி. வலது பக்கத்துச் சீட்டில் மட்டும் ஒருவர் உட்கார்ந்தால் விழுகிற பள்ளம் விழுந்திருந்தது. துணி அங்கே கறுத்து நனைந்திருந்தது. பள்ளம் நிமிரவே இல்லை. கீங் கீங் என்று சத்தம் மட்டும் விடாமல் அடித்தது.

யோசித்து யோசித்துப் பேசுகிற குட்டி, அப்போது யோசிக்கவில்லை. இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். முகத்தில் ஆற்று வாடை அடித்தது. பெல்ட்டை இழுத்து, காலியான அந்த இடத்தின் குறுக்கே கொண்டுபோய் மாட்டினாள். சத்தம் நின்றது. பெல்ட் சீட்டோடு படியவில்லை. ஒரு வயிற்றின்மேல் கிடப்பதுபோலத் தூக்கிக்கொண்டு நின்றது. மெதுவாக, மூச்சு விடுகிற அளவுக்கு, ஏறி இறங்கியது.

அவள் கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அண்ணியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் இத்தனை வருஷமாக நடுங்குகிறவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட வைத்தவர் அல்லவா, அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். பின் சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்து, புது மாணவரிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

"பயப்படாதீங்க. மெதுவாத்தான் போகப்போறேன். எங்க இறங்கணுமோ சொல்லுங்க, ஓரங்கட்டுறேன்."

அண்ணி வண்டியை எடுத்தார். வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். "இப்ப பாலம் வருது. இப்ப இடது பக்கம் திரும்புறோம். முன்னாடி லாரி நிக்குது, அதான் பிரேக்." அந்தக் குரல் நடுங்கியது குட்டிக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். குட்டியின் காலடியிலும் பயிற்சிக் காருக்கே உரிய இன்னொரு பிரேக் இருந்தது. அவள் பாதம் அதன்மேலேயே கிடந்தது.

ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கிற ஒரு தெருவைக் கடக்கும்போது, பின்னால் பெல்ட் கழன்ற சத்தம் கேட்டது. குட்டி பிரேக்கை மிதித்துவிட்டாள். வண்டி குலுங்கி நின்றது.

"போய்க் கதவைத் திறந்து விடு," என்றார் அண்ணி, முன்னால் பார்த்தபடியே.

குட்டி இறங்கிக் கதவைத் திறந்து, ஒதுங்கி நின்றாள். பரிசோதனை முடிந்த கிழவர்களுக்கு அவள் அப்படித்தான் நிற்பாள். குளிர் அவளை உரசிக்கொண்டு போனது. ஓர் ஆள் இறங்கினால் வண்டி லேசாக எழும்புமே, அப்படி எழும்பியது.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, கையில் ஈரம் சொட்ட வெளியே வந்தாள்.

"நீங்களா மணி அடிச்சது?"

"இல்லைங்க," என்றாள் குட்டி.

அவள் தெருவை இருபுறமும் பார்த்தாள். அப்போது அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள், நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. குட்டியின் காதிலும் அது தெளிவாக விழுந்தது. அந்தப் பெண் திரும்பவில்லை. அப்படியே நின்று கேட்டாள். முகத்தில் பயமும் வந்தது, பயத்தோடு வேறு ஏதோ ஒன்றும் வந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பதென்று குட்டிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பிறகு அவள் கதவைச் சாத்தக்கூட மறந்து உள்ளே போனாள்.

"ஏறு," என்றார் அண்ணி. "அண்ணன்கிட்ட வாயைத் திறக்காதே. அப்புறம் ஆறும் கிடையாது, காரும் கிடையாது."

அடுத்த வாரம் போனார்களா என்றால், போனார்கள். புது ஜோடி வரவில்லை. ரொட்டிக் கடைக்காரர் வந்திருந்தார். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் படகைத் தூக்கி அடித்தபோது அண்ணி தொண்டை கிழியக் கத்தினார், சிரித்தார், ஒரு தடவை அழுதார் என்றுகூடக் குட்டிக்குத் தோன்றியது. மீன்கொத்தி தேக்கத்தைத் தாண்டும்போது மட்டும் துடுப்பைத் தூக்கிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது. அவள் முகம் தெளியவில்லை. பழகிய ஒன்று இல்லாமல் போனவளைப் போல இருந்தாள்.

திரும்பும்போது, குட்டி சொல்லாமலேயே அண்ணி அந்தத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினார். அந்த வீட்டின் முன் வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. கதவு சாத்தியிருந்தது. வாசலில் இரண்டு நாற்காலிகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒன்றின் மெத்தையை எடுத்து வெயிலில் காயப் போட்டிருந்தார்கள்.