நாளைக்கு நாற்பது பாசிட்ரான்

காலையிலேருந்து ஹாலுக்கும் அடுப்படிக்குமா நடந்துகிட்டே இருக்கேன்.

“ஏட்டி பிரியா, காலுல சக்கரமா கட்டிருக்கு? ஒரு இடத்துல இரியேன்,” அம்மா கத்துறா.

எங்க இருக்கிறது? வேகமான எலெக்ட்ரான் கற்றையைத் தீவிரமான லேசர்ல மோதவிட்டா காமாக் கதிர் கிளம்பும். அந்த லேசரோட மின்புலத்துக்குள்ளேயே அந்தக் கதிர் எலெக்ட்ரானாவும் அதோட எதிர்த்துகள் பாசிட்ரானாவும் ஜோடியா மாறும். எத்தனை ஜோடின்னு கணக்குப் போட்டவ நான். ஒரு நாளைக்கு நாற்பது. அதை நம்பித்தான் எங்க குழுத் தலைவர் ஜெயராமன் சார் லேசர் கூடத்துல நாலு நாள் வாங்கினார். பாசிட்ரானைப் பிடிக்கிற கருவி என் தோழி காயத்ரி செஞ்சது. மூணு நாளாச்சு, ஒண்ணுகூட வரல. கருவியிலதான் கோளாறு, கடைசி நாளான நாளைக்கு வேற ஆளைப் போடறேன்னு சார் எல்லாருக்கும் மெயில் அனுப்பிட்டார்.

கோளாறு என் நோட்டுல இருக்கு. இன்னிக்குக் காலையிலதான் பார்த்தேன். புலத்தோட வலிமையைச் சிலர் சராசரியா எழுதுவாங்க, சிலர் உச்சமா எழுதுவாங்க. சராசரின்னா ரூட் டூவால பெருக்கி உச்சமாக்கணும். லேசர்க்காரங்க அனுப்பினதே உச்சம். அதைப் போய் நான் திரும்பப் பெருக்கித் தொலைச்சிருக்கேன். ஒண்ணரை மடங்குகூட இல்லையேன்னு தோணும். ஆனா இதுல புலம் கொஞ்சம் குறைஞ்சாலே எண்ணிக்கை அதல பாதாளத்துக்குப் போயிடும். வாரத்துக்கு ஒண்ணு வந்தாலே பெரிசு.

வாயை மூடிக்கிட்டா யாருக்கும் தெரியாது. பழி காயத்ரிக்குப் போகும். திறந்தா, இந்தக் கணக்கை வச்சுக் கிடைச்ச வெளிநாட்டு வேலை என் கையை விட்டுப் போகும். அப்படி யோசிச்ச என்னையே எனக்குப் பிடிக்கல.

சைக்கிளை எடுத்துக்கிட்டு பிளாக்கை மூணு சுத்து சுத்தினேன். கேட்டைத் தள்ளி, செருப்பை விட்டுட்டு, உள்ள போய் சோபாவுல தொப்புன்னு உட்கார்ந்தா, எதிர்ல பனியனோட, அப்பாகூட வேலை பார்க்கிற சிவக்குமார் மாமா சாப்பிட்டுக்கிட்டிருக்கார். ஐயோ, இது எங்க வீடு இல்ல, அடுத்த தெரு! மைன்ஸ்காரங்களுக்குக் கட்டின எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு.

“என்னம்மா, செகண்ட் ஷிப்டுக்கு அப்பா கிளம்பிட்டாரா?”

“கிளம்பிட்டார் மாமா,” உளறிட்டு வெளிய ஓடிவந்தேன். பொறந்து வளர்ந்த பிளாக்லயே நம்பர் பார்க்காம நுழையிறவ, லேசர்க்காரங்க அனுப்பின நம்பரை மட்டும் ஒழுங்கா பார்த்திருப்பேனா?

மைன்ஸ்ல மதிய வெடி வச்சாங்க. ஜன்னலெல்லாம் கடகடன்னு ஆடுச்சு. அது அடங்கினதும் மாமா வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்னு காயத்ரிக்குப் போன் போட்டேன்.

“சொல்லுடி. கருவியை நாலாவது தடவையா கழட்டிப் போட்டிருக்கேன். ஊர்ல குழந்தைக்குக் காய்ச்சல், போகவும் முடியல. என்ன தப்பு பண்ணினேன்னே தெரியல பிரியா.”

“தப்பு உன்னோடது இல்ல. நான்தான் உச்சத்தையே திரும்பப் பெருக்கிட்டேன்.”

எல்லாத்தையும் சொன்னேன். நல்லா நாலு வாங்கிக் கட்டிக்கப் போறோம்னு காத்திருந்தேன்.

“அப்போ என் கருவி நல்லாத்தான் இருக்கா?”ன்னு கேட்டா.

“நல்லாத்தான் இருக்குடி.”

அவ அழ ஆரம்பிச்சா. அவ முடிக்கிற வரைக்கும் நின்னுட்டு, சாரோட நம்பரைத் தேடி எடுத்தேன்.