திருநெல்வேலிக் கிளை

திருநெல்வேலி பஸ் செய்துங்கநல்லூரைத் தாண்டியதும் அக்தர் பானு கைப்பையைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை மறுபடியும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உள்ளே அவளுடைய கணவர் இர்ஷாதின் கம்பெனி அடையாள அட்டை நகல், பத்து வருட வேலைக்கு அவர்கள் கொடுத்த பாராட்டுச் சான்றிதழின் நகல், பாஸ்போர்ட் அளவில் இரண்டு படங்கள். யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் காயல்பட்டினத்து ஜெராக்ஸ் கடையில் எடுத்து வைத்துக்கொண்டாள். காலையில் கிளம்பும்போது அவளுடைய உம்மா மஹ்மூதா பீவி, "ஒரு சாயாக்கடைக்குப் போறதுக்கா இந்தச் சோடனை? மாப்பிள்ளை பாக்கப் போற மாதிரில்ல இருக்கு" என்றாள். பானுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளையைக் கூட்டிவரத்தானே போகிறாள்.

இர்ஷாத் ஷார்ஜாவில் இருக்கிறார். உலகம் முழுக்கக் காப்பிக்கடை போட்டிருக்கிற, போர்டில் மான்தலை வரைந்த அந்தக் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை. முதல் தடவை லீவு முடிந்து திரும்பிய அன்று, திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில், கைக்குழந்தையோடு நின்று அவள் அழுத அழுகையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "எங்க கம்பெனி ஊர் ஊராக் கடை போடுது பானு. என்னைக்காவது திருநெல்வேலியிலயும் போடுவான். அன்னைக்கு நான் மாறுதல் வாங்கிட்டு வந்திருதேன். நீ அழாத." அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளைப்போல அந்தக் கம்பெனியின் வியாபாரத்தைக் கவனித்தவர்கள் அதன் முதலாளிகளிலேயே இருப்பார்களா என்பது சந்தேகம்தான். அவர்கள் பேப்பரில் விளம்பரம் கொடுக்க மாட்டார்கள், கடை இருக்கிற இடமே விளம்பரம். முதலில் தலைநகரம், அடுத்து கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கிற ஊர், அதற்கப்புறம்தான் நாலு காலேஜும் நாலு ஆஸ்பத்திரியும் உள்ள நடுத்தர ஊர். எல்லாம் இர்ஷாத் போனில் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். சென்னையில் திறந்தார்கள், கோயம்புத்தூரில் திறந்தார்கள். மதுரையில் திறந்த அன்று பானு வட்டலாப்பம் செய்து பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு, "இன்னும் ஒரு ஊருதான் பாக்கி" என்றாள். அவர்கள் விழித்தார்கள். இத்தனைக்கும் அந்தக் கடைக் காப்பியை அவள் ஒரு மிடறு குடித்ததில்லை.

வண்ணார்பேட்டை பைபாஸில், வீட்டுக்குத் திரும்புகிறவர்களின் இடதுகைப் பக்கமாக, கடை இருந்தது. இங்கேதான் போடுவார்கள் என்று அவள் போன வருடமே சொல்லியிருந்தாள். திறந்து மூன்றாவது நாள். காலேஜ் பிள்ளைகள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சின்னச் சின்ன வட்ட மேசைகள். தனியாக வருகிற ஆள் தனியாக உட்கார்ந்திருப்பது தெரியக்கூடாது என்பதற்காக வட்ட மேசை போடுவார்கள் என்று இர்ஷாத் சொன்னது ஞாபகம் வந்தது. பானு ஒன்றில் உட்கார்ந்து, மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினாள்.

வந்தவள் இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண். சட்டையில் ஜாய்சி என்று பெயர் குத்தியிருந்தது. பானு பேச ஆரம்பித்ததுமே, "அக்கா, நீங்க காயலா? எனக்கு வீரபாண்டியன்பட்டினம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து ஊர்க்காரி. பானுவுக்குப் பாதிக் காரியம் முடிந்த மாதிரி இருந்தது. உறையை எடுத்து நீட்டினாள்.

ஜாய்சி சான்றிதழை இரண்டு கையாலும் பிடித்து வாசித்தாள். "அண்ணன் எங்களுக்கெல்லாம் ரொம்ப சீனியர்."

"ஆமா. அவங்க இங்கன மாறுதலுக்கு மனு போட்டிருக்காங்க. எப்ப வரும்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

ஜாய்சி காகிதங்களை அடுக்கினாள். அடுக்கினதையே மறுபடியும் அடுக்கினாள். "அக்கா, இது வேற கம்பெனிக்கா."

"மான்தலை ஒண்ணுதானம்மா?"

"போர்டு ஒண்ணுதான். அந்தப் பேரை அங்கன ஒரு அரபிக் குடும்பம் வாங்கி நடத்துது. நம்ம நாட்டுல நடத்துறது இங்க உள்ள இன்னொரு கம்பெனி, அந்தப் பேருக்குச் சொந்தக்காரங்ககூடப் பங்கு சேந்து. அங்கன உள்ள ஆளு வேற, எங்க ஆளு வேற. அங்கன இருந்து இங்கன மாறுதல்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

"அவங்களுக்கு இது தெரிஞ்சிருக்காது."

"முதல் நாள் பயிற்சியிலயே சொல்லிருவாங்கக்கா" என்றாள் ஜாய்சி. சொன்ன பிறகுதான் எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து போய், கேட்காமலே ஒரு காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கூட்டத்தைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அழுகிற மனைவியைத் தேற்ற ஒரு மனிதர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். அதைப் பானு அந்த நிமிடமே மன்னித்துவிட்டாள். அவளால் தாங்க முடியாதது வேறொன்று. நாலு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இர்ஷாத் போனில், "எனக்கு இங்க இருக்க முடியல பானு. நான் வந்திருதேன். சேர்ந்து ஒரு கடை போடலாம்னு ஊர்ல நம்ம அம்மார் காக்கா கூப்பிடுதாங்க" என்றார். அப்போது புத்திசாலித்தனமாகப் பேசியது அவள்தான். மதுரை வரைக்கும் வந்துவிட்டான், அடுத்து நம் ஊர்தான், இவ்வளவு நாள் பொறுத்துவிட்டு இப்போது வெறுங்கையோடு வருவதா, மாறுதலோடு கௌரவமாக வாருங்கள் என்றாள். மறுமுனையில் வெகுநேரம் பேச்சே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து அவள் ஹலோ ஹலோ என்றாள். "சரி" என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

வரத் தயாராக நின்ற மனிதரை, அவர் சொன்ன பொய்யையே காட்டி அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள். உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு அவரும் அங்கேயே இருந்துவிட்டார். அந்த நாலு வருடத்தில் அம்மார் காக்கா வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். மகள் ஷமீமா சட்டென்று வளர்ந்து, வாப்பா போன் வந்தால் ஸலாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற பெண்ணாகிவிட்டாள். யாரையாவது திட்ட முடிந்தால் தேவலை போலிருந்தது. திட்டுவதற்குத் தன்னைத் தவிர யாரும் அகப்படவில்லை.

அந்த நேரம் பார்த்து அவரே வீடியோவில் கூப்பிட்டார். மத்தியான இடைவேளை. காப்பித்தூள் நிறத்து ஏப்ரன், நெற்றியில் வியர்வை, முன்பக்கம் ஏறிப்போன முடி.

"கடையைக் காட்டு பாப்போம்."

அவள் போனைத் திருப்பிச் சுற்றிக் காட்டினாள்.

"அப்படியே எங்க கடைதான். மேனேஜர்ட்ட பேசுனியா? என்ன சொல்லுதாங்க? நானும் இந்த வாரம் அழுத்திக் கேக்கலாம்னு..."

"மாறுதல் வேண்டாம் மச்சான்" என்றாள் பானு. "சும்மா வாங்க."

அவர் பேசவில்லை. இந்தத் தடவை அவள் ஹலோ சொல்லவில்லை.

"யாரு சொன்னா?" என்றார் கடைசியில்.

"இங்கன ஒரு பிள்ளை. முதல் நாளே சொல்லிருவாங்களாமே."

இர்ஷாதின் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. ஏப்ரனை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பானு, ஆள் வந்திருக்கு. கொஞ்சம் இரு" என்று போனை வெட்டாமல் மேசைமேல் மல்லாத்தி வைத்துவிட்டு நகர்ந்தார். யாரும் அவரைக் கூப்பிட்ட சத்தம் கேட்கவில்லை.

திரையில் ஷார்ஜா கடையின் கூரை மட்டும் தெரிந்தது. நீளமான கறுப்பு வயரில் ஒரு பித்தளை விளக்கு தொங்கியது. பானு அண்ணாந்து பார்த்தாள். அவள் தலைக்கு மேலும் அதே வயர், அதே பித்தளை விளக்கு. அவள் தன் போனையும் வட்ட மேசைமேல் மல்லாத்தி வைத்தாள். அங்கே அவர் குனிந்து பார்த்தால் இந்த விளக்கு தெரியும். இரண்டு பக்கமும் பால் நுரைக்கிற இயந்திரம் சீறிக்கொண்டிருந்தது. எந்தச் சத்தம் எந்த ஊரில் என்று பிரிக்க முடியாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.