தவளையும் தண்டவாளமும்

அந்த வீட்டு மருமகளுக்குத் தவளை என்று பெயர் வைத்தவர் அவளுடைய மாமனார்தான். வண்டியை நிறுத்தும்போது அவள் கியரிலேயே விட்டுவிடுவாள். மறுநாள் அதை மறந்து, கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருகுவாள். வண்டி ஒரு முழம் துள்ளி நிற்கும். மாடியிலிருந்து வேடிக்கை பார்க்கும் மாமனார், "தவளை கிளம்பிடுச்சு, எல்லாரும் ஒதுங்குங்க!" என்று குரல் கொடுப்பார். கணவனும் சேர்ந்து சிரிப்பான். அவளும் சிரிப்பாள், அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

மாமனார் படியில் வழுக்கி விழுந்து, தொடையிலிருந்து கால்விரல் நுனி வரை மாவுக்கட்டோடு மருத்துவமனையில் கிடந்தார். வீடு திரும்பும் நாளில் மகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மருமகளின் சிறிய காரில் மடங்காத அந்தக் காலுக்கு இடமில்லை. ஆகவே கணவனுடைய பெரிய வண்டியை அவள் எடுத்துச் சென்றாள். அவன் நாள்தோறும் துடைத்துத் துடைத்து வளர்த்த வண்டி அது. "கீறல் விழாம கொண்டு வா" என்று மட்டும் சொல்லியிருந்தான். அப்பாவையா, வண்டியையா என்று அவள் கேட்கவில்லை.

ஊழியர்கள் இருவர் மாமனாரைத் தூக்கிப் பின்னிருக்கையில் நீளவாக்கில் கிடத்தினார்கள். முதுகு ஒரு கதவில், பாதம் மறு கதவில். "உறையில போட்ட கத்தி மாதிரி ஆயிட்டேன். இனி என்னை உருவறதுக்கும் ரெண்டு ஆள் வேணும்" என்றார் அவர். "இதுல தவளை வேற ஓட்டுது. கடவுள் விட்ட வழி!"

பாதி வழியில் எரிபொருள் விளக்கு எரிந்தது. பங்க்கில் நிறுத்தினாள்.

"என்னம்மா போடணும்?" என்றார் பங்க் ஊழியர்.

அந்த நொடியில் மாமனார் காலை அசைத்துவிட்டு, "ஐயோ" என்றார். அவள் பதறிப் பின்னால் திரும்பினாள். தினமும் சொல்லிப் பழகிய வாய் தானாகவே பதில் சொல்லிற்று: "பெட்ரோல். ஃபுல் பண்ணிடுங்க."

அது டீசல் வண்டி. பசுவுக்கு இறைச்சியை அன்போடு ஊட்டினாலும் அதன் வயிறு ஒப்புக்கொள்வதில்லை. குழாயில் மிச்சமிருந்த பழைய டீசலின் தயவில் வண்டி சிறிது தூரம் ஒன்றும் அறியாததுபோல் ஓடியது. ஊரைத் தாண்டியதும் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் ஓசை எழுந்தது. மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. கண்ணாடியில் வெள்ளைப் புகை தெரிந்தது.

"என்னம்மா இது, இருமுது?"

அவளுக்கு அப்போதுதான் தன் குரல் தன் காதிலேயே திரும்பக் கேட்டது. 

"மாமா, நான் பெட்ரோல் போடச் சொல்லிட்டேன்."

"அடப்பாவமே! இது டீசலாச்சே! ஓரமா நிறுத்து."

"அதோ, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒர்க்‌ஷாப் போர்டு தெரியுது. அதுவரைக்கும் தள்ளாடியாவது போயிடும் மாமா. அவருக்குத் தெரியறதுக்குள்ள சரி பண்ணிடலாம்."

நிறுத்தியிருக்க வேண்டும். கணவனின் கோபத்துக்கு அஞ்சியவள், அதைவிடப் பெரிய அச்சத்தை நோக்கி வண்டியைச் செலுத்தினாள். தண்டவாளத்துக்காக மேடாக்கப்பட்ட சாலையில் முதல் கியரில் முக்கி முனகி ஏறிய வண்டி, சரியாகத் தண்டவாளத்தின் மேலே உயிரை விட்டது.

ஒரு கணம் மிகுந்த அமைதி. பிறகு மணி அடிக்கத் தொடங்கியது.

ஆளில்லாத தானியங்கிக் கேட் அது. சிவப்பு விளக்குகள் மாறிமாறி மின்ன, பாதிச் சாலையை மறிக்கும் தடுப்புக் கம்பம் அவர்களுக்குப் பின்னால் இறங்கியது. முன்னே வழி திறந்தே கிடந்தது. நான்கு முழம் நகர்ந்தால் போதும். கிளட்சை மிதித்துச் சாவியைத் திருகினாள். எஞ்சின் கிறுகிறுவென்று சுற்றியதே தவிரப் பற்றிக்கொள்ளவில்லை. மறுபடியும் திருகினாள். வளைவுக்கு அப்பாலிருந்து ஊதல் ஒலி வந்தது.

"நீ இறங்கி ஓடிடும்மா."

"உங்களை விட்டுட்டா?"

"என்னை இறக்க ரெண்டு ஆள் வேணும். இங்க நீ ஒருத்திதான். கணக்கு உதைக்குது. ஓடு!"

அவள் இறங்கினாள். ஓடவும் கால்கள் விரும்பின, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அவை பின்கதவுக்குத்தான் ஓடின. அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அவர் அலறினார். இழுத்ததில் இருக்கையிலிருந்து சரிந்த மாவுக்கட்டுக் கால், முன்னிருக்கையின் அடியில் மாட்டிக்கொண்டு அசைய மறுத்தது. ஆறடி மனிதர் கல்லாய்க் கனத்தார். காலடியில் சரளைக் கற்கள் மெல்ல அதிரத் தொடங்கின. அவர் முகத்தில் கேலி முழுவதும் வடிந்து, குழந்தையின் கண்கள் மட்டும் எஞ்சியிருந்தன.

"போயிடாதேம்மா" என்றார். சற்றுமுன் ஓடச் சொன்னவர் அவர்தான்.

முன்னிருக்கையில் பாய்ந்து ஏறினாள். கிளட்சையும் மறந்தாள், கியரையும் மறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருகினாள்.

வண்டி ஒரு முழம் துள்ளியது.

பின்னாலிருந்து பிளிறல்போல் குரல் வந்தது: "தவளை! தாவு தாவு! கியர்ல இருக்கு, செல்ஃப் மோட்டாரே வண்டியை இழுக்குது, விடாதே!"

சாவியைப் பின்னுக்குத் திருப்பி மீண்டும் திருகினாள். துள்ளல். மீண்டும். ஒவ்வொரு துள்ளலுக்கும் மாமனார் வலியில் கத்தினார். கத்தலுக்கு நடுவே "தாவு" என்றார். பேட்டரியின் முனகல் தளர்ந்தது. பக்கத்து ஜன்னல் முழுவதையும் ரயிலின் முகம் நிறைத்தது. கடைசி முறை சாவி முறிந்தாலும் முறியட்டும் என்று திருகிப் பிடித்தாள். வண்டி கிடுகிடுத்து நகர்ந்தது. பின்சக்கரங்கள் கடைசித் தண்டவாளத்தைத் தாண்டி மேட்டின் சரிவில் உருளத் தொடங்கின.

காற்று வண்டியை அறைந்தது. அவர்களுக்குப் பின்னால் இரும்புப் பெட்டிகள் தீராமல் ஓடிக்கொண்டேயிருந்தன.

ஒர்க்‌ஷாப் மெக்கானிக், சரிவில் உருண்டு தன் வாசலில் வந்து நின்ற வண்டியின் டேங்க்கை முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். செய்தி அறிந்து கணவன் வந்து சேர்ந்தான்.

"பெட்ரோல் போட்டதோட நிறுத்தியிருந்தா, கழுவி விட்டிருப்பேன் சார். அதுக்கப்புறமும் ஓட்டி, சாவியை வேற திருகு திருகுன்னு திருகியிருக்காங்க. பம்ப், இன்ஜெக்டர், செல்ஃப் எல்லாம் போச்சு" என்றார் மெக்கானிக்.

கணவனின் முகம் சிவந்தது. "ஏண்டி தவளை, உனக்குக் கொஞ்சமாவது…"

"டேய்!" என்றார் வண்டிக்குள்ளேயே கிடந்த மாமனார்.  "அந்தப் பேரு நான் வச்சது. இனிமே சொல்றதா இருந்தா மரியாதையாச் சொல்லு. அது தாவலைன்னா உங்கப்பனுக்கு இந்நேரம் நீ கொள்ளி தேடிக்கிட்டு இருந்திருப்ப."

 அவன் மனைவியின் இறுகிய முஷ்டியை மெல்லப் பிரித்தான். சாவியின் பற்கள் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

அப்போது கேட்டில் மணி மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. அவள் பின்கதவுக்கு ஓடி, மாமனாரின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். ரயில் கடந்து, மணி ஓய்ந்த பிறகும் இருவரில் ஒருவரும் கையை விடவில்லை.