பூவரசடியில் ஏறிய சைக்கிள்

1
எங்கள் வீட்டுப் பெருமை ஒன்றை எழுதிவைக்கத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். முதல் வரி எளிதாக வந்தது.

"அரசு எடுத்துக்கொண்ட தங்கள் நிலத்தில் எழுந்த பல்கலைக்கழகத்திலேயே இராஜாங்கம் அலுவலராகச் சேர்ந்தார்."

(இராஜாங்கம் என் அண்ணன். காலமாகிவிட்டார். கதையில் 'அவர்' என்றே வைத்திருக்கிறேன். அண்ணன் என்று எழுதினால் வரி நகரமாட்டேன் என்கிறது.)

2
நெற்களத்தில் எங்கள் வீட்டார் செருப்போடு கால் வைத்ததில்லை. களத்தின்மேல் பல்கலைக்கழகத்துத் தார்ச்சாலை போட்ட பிறகும் அவர் அதை விடவில்லை. தினமும் நூலகம் தாண்டியதும் சைக்கிளைவிட்டு இறங்குவார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஓரத்துப் பூவரச மரம் வரை வெறுங்காலோடு தள்ளிப்போவார். அங்கே செருப்பை மாட்டி ஏறிக்கொள்வார்.

"என்ன சார், செயின் கழண்டுடுச்சா?" என்பார்கள் மொபெட்டில் போகும் மாணவர்கள்.

"இல்லப்பா."

"அப்ப பெட்ரோல் தீந்துடுச்சா?"

அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். கதையை இங்கேயே முடித்திருக்கலாம். பெருமை முழுசாக நின்றிருக்கும்.

3
ஆனால் அந்தச் சாலையைக் கூட்டியவர் அம்சம் என்ற பெண். எங்கள் வயலில் நடவு நட்டவர். கூலிப் போராட்ட வருஷத்து அறுவடையில், அவர் கணவர் கலியபெருமாள் களத்தில் கால் இடறி விழு

(இந்த வாக்கியத்தை நாலு முறை எழுதிப் பார்த்தேன். இடறவில்லை. இராஜாங்கம் தள்ளினார். இடுப்பு ஒடிந்தது. அதற்குப்பின் கலியபெருமாள் ஒரு கட்டுக்கூடத் தூக்கவில்லை.)

4
ஒருநாள் காலை, மரத்தடியில் அவர் ஏறப்போகும்போது அம்சம் விளக்குமாற்றை நிறுத்தினார்.

"சார், ஒண்ணு சொல்லலாங்களா?"

அம்சம் வாயில் 'சார்' என்று அன்றுதான் கேட்டாராம். முன்பெல்லாம் 'ஐயா'.

"சொல்லு."

"களத்துக்கு மருவாத குடுத்து எறங்குறீங்க. நல்லதுதான். எங்க வூட்டுக்காரரு வுழுந்த எடம் எதுன்னு ஞாபகம் இருக்குங்களா?"

அவர் நூலகம் வரை சாலையைத் திரும்பிப் பார்த்தார்.

"இதாங்க. நெதம் நீங்க செருப்ப மாட்டி ஏறுறீங்களே, இந்த மரத்தடிதான்."

அன்று சாயங்காலம் அவர் இதை என்னிடம் சொன்னார். "எடம் மறந்துபோச்சுடா," என்றார். அவ்வளவுதான்.

5
மறுநாள் என்ன செய்தார்? மூன்று முடிவுகள் எழுதினேன். மரத்தையும் தாண்டி வெறுங்காலோடு தள்ளிப்போனார். வேறு வழியாகப் போனார். வழக்கம்போலவே ஏறிப்போனார். முதலாவதுதான் எனக்குப் பிடித்தது. அதனாலேயே அதை நம்ப முடியவில்லை. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். அம்சம் இன்றும் பாபநாசத்துப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். பஸ்ஸில் ஒரு மணி நேரம். இருபது வருஷமாக நான் போகவில்லை.

நீங்கள் போகலாம். போனால் 'வாங்க, போங்க' என்று பேசுங்கள். அவர் சொல்வதை இதன்கீழ் எழுதிக்கொள்ளுங்கள். எதுவாக இருந்தாலும் நான் அதை அடித்துத் திருத்தமாட்டேன். இடம் விட்டிருக்கிறேன்.