மருந்துக்கடை எந்தப் பக்கம்

நடிப்பை எங்கே கற்றீர்கள் என்று பேட்டிக்கு வருகிற அத்தனை பேரும் கேட்கிறார்கள். ஒரு நாடகப் பள்ளியின் பெயரைச் சொல்லிவிட்டுச் சிரிப்பேன். சுத்தப் பொய். அங்கே நான் போனதே மூன்று மாதம்தான்.

நாடு விட்டு நாடு வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. சலவை ஆலையில் வேலை பார்த்த அப்பாவுக்கு இந்த ஊர் மொழியில் வணக்கம், நன்றி, சம்பளம் என்று மூன்று வார்த்தைகள் தெரியும். தையல் ஆலையில் பித்தான் தைத்த அம்மாவுக்கு அதிலும் ஒன்று குறைவு. பத்து வயதிலிருந்தே இருவருக்கும் நான்தான் வாய். வீட்டுக்காரர் அப்பாவை முட்டாள் என்று திட்டினால், "கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்றார்ப்பா" என்பேன். அப்பா பதிலுக்கு, "போடா கஞ்சப் பிசினாறி" என்றால், அப்பா வருத்தப்படுகிறார் என்று வீட்டுக்காரரிடம் சொல்வேன். இருவரும் கைகுலுக்கிப் பிரிவார்கள். வீட்டில் எனக்குக் கெட்டிக்காரி என்று பெயர். அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

பதினேழு வயதில் ஒரு படத்துக்குப் புதுமுகம் தேடினார்கள். நானூறு பெண்களை வடிகட்டி மிஞ்சிய ஆறு பேரில் நானும் ஒருத்தி. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கேமரா முன்னால் நிற்க வேண்டும். வியாழக்கிழமை மதியம் அம்மா வேலையிலிருந்து பாதியில் வந்தாள். "இடது கண்ணுல யாரோ திரைய இழுத்து விட்ட மாதிரி இருக்குடி."

கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். மருத்துவர் பார்த்த உடனேயே முகம் மாறினார். விழித்திரை பிரிய ஆரம்பித்துவிட்டது, நாளைக் காலை எட்டு மணிக்கு அறுவை சிகிச்சை, மொழி தெரிந்த ஆள் நாள் முழுக்கக் கூடவே இருக்க வேண்டும் என்றார். மொழி தெரிந்த ஆள் எங்கள் வீட்டில் ஒருத்திதான்.

"என்னடி சொல்றார்?"

"சொட்டு மருந்து போடணுமாம்மா. திங்கட்கிழமை வரச் சொல்றார்."

மருத்துவரிடம் திரும்பி, நாளைக்கு முடியாது, அம்மாவுக்கு வேலை இருக்கிறதாம் என்றேன். அவர் நம்பாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா மரியாதைக்குச் சிரித்துத் தலையாட்டினாள்.

"பயப்பட ஒண்ணும் இல்லையான்னு கேளு."

மருந்துக்கடை எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் அலுத்துப்போய் வாசலை நோக்கிக் கையை வீசினார். அந்தக் கைவீச்சை 'ஒன்றுமில்லை, போங்கள்' என்று எடுத்துக்கொண்டு அம்மா நிம்மதியாக எழுந்தாள். என் முதல் காட்சி அதுதான். ஒத்திகை கிடையாது, ஒரே டேக்.

நாலு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். திங்கட்கிழமைக்குள் அந்தக் கண் போய்விட்டது. எப்போது வந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்குமாம் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன். பித்தான் தைத்தவளை ஆலையில் அட்டைப்பெட்டி ஒட்டப் போட்டார்கள். எனக்குப் படம் கிடைத்தது.

பிறகு இருபத்துமூன்று வருடம், முப்பத்தொரு படம். ஒவ்வொரு படத்துக்கும் அம்மா இடது ஓர இருக்கையைக் கேட்டு வாங்குவாள். அங்கே உட்கார்ந்தால்தான் வலது கண்ணுக்குத் திரை முழுதாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தை அவ்வளவு பெரிதாகப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கும். அப்பா போன பிறகு அவளை என்னோடு வைத்துக்கொண்டேன். "அன்னிக்கு என் பொண்ணு மட்டும் இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்று வருகிறவர்களிடம் சொல்லுவாள். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போவேன்.

போன மாதம் வலது கண்ணிலும் திரை விழுந்தது. அதே மருத்துவமனை, வேறு மருத்துவர். இப்போதெல்லாம் மொழிபெயர்க்கத் தொலைபேசியில் ஆள் கிடைக்கும் என்று செவிலி சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். "என் பொண்ணு இருக்கும்போது வேத்து ஆள் எதுக்கு?" என்றாள்.

மருத்துவர் பழைய கோப்பைப் புரட்டிவிட்டு, அன்று மறுநாளே வரச் சொல்லியும் ஏன் மறுத்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார். கோப்பில் அப்படித்தான் இருக்கிறதாம்: நோயாளி மறுத்தார், மகள் மூலமாக.

"என்ன கேக்கறார்?"

சமாளிக்க ஆயிரம் பதில்கள் என் நாக்கு நுனியில் இருந்தன. இருந்த ஒரு கண்ணும் மங்கலாகி, அம்மா என் குரல் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நடிக்க இனி என்னால் முடியாது என்று தெரிந்தது.

"அன்னிக்கு மறுநாளே ஆபரேஷனுக்கு வரச் சொன்னாங்களாம். ஏன் வரலேன்னு கேக்கறார்."

அம்மா என் கையைத் தேடித் தொட்டாள். "உனக்குச் சரியாப் புரியலையோ என்னவோ. சின்னப் பொண்ணுதானே நீ."

தப்பித்துக்கொள்ள அவளே வழி விட்டாள்.

"நல்லாப் புரிஞ்சுதும்மா. மறுநாள்தான் எனக்கு சினிமா டெஸ்ட்."

அவள் கோபப்படவில்லை, அழவில்லை. முந்தானையை இழுத்து மடியில் வைத்து நீவி நீவி விட்டாள். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

மருத்துவர் பதிலுக்குக் காத்திருந்தார். தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, இந்தக் கண்ணுக்கு நாளைக் காலையே செய்துவிட வேண்டும் என்றார்.

"நாளைக்குக் காலைல ஆபரேஷன்மா. நான் கூடவே இருப்பேன். ஷூட்டிங்க ரத்து பண்ணிடறேன்."

"இருக்கட்டும்மா," என்றாள். என்னை அவள் 'டி' போடாமல் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "அந்தப் போன் ஆளைக் கூப்பிடச் சொல்லு."

அதை மட்டும் ஒரு எழுத்து பிசகாமல் மொழிபெயர்த்தேன். செவிலி மேசைத் தொலைபேசியை அழுத்தினாள். எங்கேயோ இருந்து ஒரு பெண் தமிழில், "சொல்லுங்கம்மா" என்றாள்.

அம்மா அந்தக் குரல் வந்த பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "பயப்பட ஒண்ணும் இல்லையான்னு டாக்டர்கிட்ட கேளும்மா."

அந்தப் பெண் அதையே கேட்டாள்.