அம்பைப் பார்க்காதவர்

ஆப்பரேட்டர், ஆளைத் தூக்கிநிறுத்தும் பூம் லிஃப்ட் வண்டியின் கூடையில், நாலு மாடி உயரத்தில் நின்று கட்டடத்தின் முகப்புக் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டிருந்தவன் அவர் மனைவியின் தம்பி. அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அவர்தான். அதை விடாமல் சொல்லிக்காட்டுபவரும் அவர்தான்.

மூலைக் கண்ணாடி எட்டவில்லை. இயந்திரத்தின் நீளக் கையை அரைவட்டம் சுழற்றிக் கூடையை மறுபக்கம் கொண்டுபோனார்; வண்டியையும் கொஞ்சம் நகர்த்தவேண்டியிருந்தது. அப்படிச் சுழன்றுவிட்டால், கூடையிலுள்ள லீவரை முன்னால் தள்ளினாலும் வண்டி பின்னால்தான் போகும். திசை தப்பாமலிருக்க லீவரின் அருகிலும் சக்கரங்களுக்கு மேலும் அம்புக்குறி போட்டிருக்கும்.

"அத்தான், அம்பைப் பாத்துட்டு நகத்துங்க!"

"நீ டவுசர் போடுறதுக்கு முன்னாடியே கூடையில ஏறினவன்டா நான். எனக்கே கிளாஸ் எடுக்குறியா?"

லீவரைத் தள்ளினார்; வண்டி அசையவில்லை. இயந்திரத்தின் கை இப்படித் திரும்பியிருக்கும்போது இன்னொரு பொத்தானையும் அழுத்தவேண்டும். ஓட்டுபவர் ஒரு கணம் நின்று யோசிக்கத்தான் அந்த ஏற்பாடு. அவர் யோசிக்காமலே அதை அழுத்தி, மறுபடி லீவரைத் தள்ளினார்.

வாசலை விட்டு விலகவேண்டிய வண்டி வாசலை நோக்கிப் போனது. விரலை எடுப்பதற்குள் அங்கிருந்த கண்ணாடித் தடுப்பு பொலபொலவென்று கொட்டியது.

மேனேஜர் ஓடிவந்தார். "யாருய்யா கீழ நின்னது? கத்த வாய் இல்லையா?"

மச்சினன் ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். "நான்தான் சார். கவனிக்கல."

"அப்போ நாளையிலேர்ந்து வீட்டுல உக்காந்து கவனி."

கூடை இறங்கியது. அது எப்போதும் மெல்லத்தான் இறங்கும்; இன்னும் மெல்ல இறங்கக்கூடாதா என்றிருந்தது அவருக்கு. மனைவியிடம் சொல்லவேண்டியது அதற்குள் மனதில் தயாராகிவிட்டது: 'உன் தம்பி கொஞ்சம் அசந்துட்டான்.' எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! உடம்பு கூசியது.

தரையில் கால் வைத்ததும் சொன்னார்: "சார், அவன் சொன்னான். நான்தான் அம்பைப் பாக்கல."

"இதை மேலேர்ந்தே சொல்லியிருக்கலாமே? தொண்டை அடைச்சுக்கிச்சா?" யாரோ சிரித்தார்கள். "சாவியைக் குடுங்க. தம்பி, நீ இரு."

சாவியைக் கொடுத்தார். மச்சினன் துடைப்பத்தால் சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்தான். அவரும் குனிந்து ஒன்றை எடுக்கப்போனார்.

"விடுங்க அத்தான், கையைக் கிழிச்சுக்கப் போறீங்க," என்றான் அவன், நிமிராமல்.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.